வேதாளை பக்கம் பழைய டிரைவ்-த்ரூ கடை இடம்: விற்கப் போனா இசியில (வில்லங்கச் சான்றுல) குத்தகை நிக்குது, என்ன செய்றது?

மரைக்காயர்பட்டினத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

என்எச் 87-ல வேதாளை தாண்டி மண்டபம் போற வழியில, ரோட்டுக்குத் தெற்கால எங்க வாப்பா 1996-ல வாங்கின 62 சென்ட் இருக்கு. 2014-ல ஒரு சிக்கன் கடை கம்பெனிக்கு 15 வருசக் குத்தகைக்கு விட்டாங்க. கம்பெனி கொடுத்த வரைபடப்படி கட்டடம் கட்டிக் கொடுத்ததும் வாப்பாதான். காரை விட்டு இறங்காம ஜன்னல்லயே வாங்கிட்டுப் போற டிரைவ்-த்ரூ. கட்டடத்தைச் சுத்தி கார் வளைஞ்சு வர்ற பாதை, நுழையிற இடத்துல மஞ்சளும் கறுப்பும் அடிச்ச குறுக்குக் கம்பி. ராமேஸ்வரம் போற வேன்ல பாதி, தலையில மூட்டை கட்டித்தான் வரும். மாசத்துக்கு ஒண்ணாவது அந்தக் கம்பியில இடிச்சு நிக்கும். உள்ள வர்ற குடும்பமும் எல்லாரும் இறங்கி, கை கால் கழுவி, உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் கிளம்பும். ஜன்னல் வியாபாரம் நான் பார்த்து நடக்கவே இல்ல.

2021-ல சாவியைக் கையில கொடுத்துட்டுப் போயிட்டாங்க. மறு வருசம் வாப்பா மவுத்தாயிட்டாங்க. வாரிசு உம்மா, நான், லாத்தா (அக்கா). லாத்தா ஜித்தாவில இருக்கு.

இப்ப மதுரைப் பார்ட்டி ஒருத்தர் கட்டடத்தை இடிச்சுட்டு நாலு மாடி லாட்ஜ் கட்டணும்னு கேக்குறார். விலை எங்களுக்குச் சம்மதம். ஆனா அட்வான்ஸ் 5 லட்சம் ரொக்கமாம், அக்ரிமெண்ட் 18 மாசமாம், பிளான் அப்ரூவல் வந்தாத்தான் கிரயமாம். இசி போட்டுப் பார்த்தா 2014 குத்தகை அப்படியே நிக்குது. எங்ககிட்ட இருக்கிறது சாவி ஒப்படைச்ச கடுதாசியும் ஒரு மெயிலும்தான். அவர் வக்கீல் "ரத்துப் பத்திரம் எங்க?"ன்னு கேக்குறார். கம்பெனிக்கு ரெண்டு மெயில் போட்டேன், பதில் இல்ல. யாராவது வழி சொல்லுங்க.

பத்திர ஆபீஸ் வாசல்:
தம்பி, இதுல 22 வருசமா குப்பை கொட்டுறேன், சொல்றதைக் கேளுங்க.

ஒரு வருசத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவாகணும், உங்களது ஆயிருக்கு. பதிவு பண்ணி உள்ள வந்தவன் பதிவு பண்ணித்தான் வெளிய போகணும். சாவி கொடுத்ததுமே சட்டப்படி குத்தகை முடிஞ்சதுன்னு கோர்ட்ல வாதாடலாம், சொத்துரிமை மாற்றுச் சட்டம் 111-வது பிரிவுல இடமிருக்கு. ஆனா வாங்க வர்றவன் கோர்ட்டுக்கா வரப்போறான்? அவன் கண்ணுக்கு 2029 வரைக்கும் இன்னொருத்தன் உள்ள உக்காந்திருக்கான்.

கம்பெனி சார்புல கையெழுத்துப் போட அதிகாரம் கொடுத்த தீர்மான நகலோட ஒரு ஆளு வரணும். உங்க பக்கம் மூணு வாரிசும் கையெழுத்துப் போட்டு, குத்தகை ஒப்படைப்புப் பத்திரம் பதியணும். மெயில் போட்டா வரமாட்டாங்க. அவங்க பதிவு அலுவலக முகவரிக்கு வக்கீல் நோட்டீஸ் ஒப்புகை அட்டையோட போகட்டும்.

ரெண்டு கேள்வி. டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்தீங்களா? குத்தகைப் பத்திரத்துல "இடத்தை விற்கிறதா இருந்தா முதல்ல எங்களைக் கேக்கணும்", "இதே இடத்துல வேற சிக்கன் கடை வரக்கூடாது"ன்னு ஏதாவது ஷரத்து இருக்கா? முழுசாப் படிச்சுட்டு வாங்க.

ஒரு வழிப்போக்கன்:
எதுக்கு இப்ப விக்கணும்? நாலு வழிச்சாலை வருது, விலை டபுளாகும். ரெண்டு வருசம் கம்முனு இருங்க.

கொத்தனார் மகன்:
வழிப்போக்கன் அண்ணே, 2025 ஜூலையில மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது பரமக்குடி - ராமநாதபுரம், 46.7 கிலோமீட்டர். இவர் இடம் அதைத் தாண்டி கிழக்க இருக்கு. அதை நம்பி உக்கார வேணாம்.

நான் சிவில். எனக்கு இசியை விட அந்த நாலு மாடிதான் உதைக்குது. உங்க பின் காம்பவுண்டுல இருந்து கடல் எவ்வளவு தூரம்? உயர் ஓதக் கோட்டுல (கடல் தண்ணி ஏறி வர்ற உச்ச எல்லை) இருந்து 500 மீட்டர் வரைக்கும் சிஆர்இசட், அதாவது கடலோர ஒழுங்குமுறை மண்டலம். வேதாளை பக்கம் ஊராட்சி, அதனால மூணாம் வகையில வரும். "ரோட்டுக்கு நிலத்துப் பக்கம் இருந்தா கட்டிக்கலாம்"னு ஊர்ல சொல்றது ரெண்டாம் வகைக்கு, நகரப்பகுதிக்கு. இங்க செல்லாது. செல்லும்னாலும் உங்க இடம் ரோட்டுக்குக் கடல் பக்கம்தான் இருக்கு.

மூணாம் வகையில லாட்ஜ், ரிசார்ட் கட்ட 2011 சிஆர்இசட் அறிவிக்கையோட மூணாவது இணைப்பை எடுத்துப் படிங்க. மனை 0.4 ஹெக்டேருக்குக் குறையக்கூடாது. அது கிட்டத்தட்ட 99 சென்ட், உங்ககிட்ட 62. எல்லாத் தளமும் சேர்த்துப் பரப்பு மனையில 33 சதவீதம்தான். உயரம் 9 மீட்டர், ரெண்டு தளத்துக்கு மேல கூடாது. நாலு மாடி எங்க இருந்து வரும்? உங்க பார்ட்டிக்கு இது தெரிஞ்சிருக்கும். அதான் 18 மாசம் கேக்குறார். கிடைச்சா எடுத்துக்குவார், கிடைக்கலைன்னா கையை உதறிட்டுப் போவார். அதுவரைக்கும் உங்க இடம் கட்டிப்போட்ட மாடு.

கூகுள் மேப்ல அளக்காதீங்க. அண்ணா பல்கலைக்கழகத்தோட தொலையுணர்வு நிறுவனம் மாதிரி அங்கீகாரம் உள்ள இடத்துல உங்க சர்வே நம்பரைக் கொடுத்து, ஓதக் கோட்டோட மேல வச்சு வரைபடம் வாங்குங்க. செலவு உங்களுதா இருக்கட்டும். கையில அந்த வரைபடத்தோட விலை பேசுறது வேற, இல்லாமப் பேசுறது வேற.

கட்டடத்துக்கு விலை எதிர்பார்க்காதீங்க. பன்னெண்டு வருச உப்புக்காத்து. சன்ஷேடுக்கு அடியில காரை பேந்து கம்பி தெரியுதா பாருங்க, தெரியும். ஃப்ரீசர் ரூம் தளமும், எண்ணெய்க் கழிவு வடிகட்டுற தொட்டியும் தரைக்குள்ள கிடக்கும், இடிக்கிறவன் அதுக்குத் தனியாக் கேப்பான்.

உச்சிப்புளி ஆடிட்டர்:
மூணு விசயம் சொல்லிட்டுப் போறேன்.

அந்த 5 லட்சம் ரொக்கத்தைத் தொடாதீங்க. சொத்து விற்பனையில அட்வான்ஸா இருந்தாலும் 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கினா, வாங்கின தொகை அளவுக்கே அபராதம் போட சட்டம் இருக்கு. பேங்க் வழியா மட்டும்.

1996 கிரயம்கிறதால 2001 ஏப்ரல் 1 அன்னிக்கு இருந்த சந்தை மதிப்பை அடக்க விலையா வச்சுக்கலாம், அன்னிய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாம. நீங்களும் உம்மாவும் இங்க இருக்கிறதால, பழைய கணக்குல 20 சதவீதமா, இண்டெக்சேஷன் (விலைவாசிக்குத் தக்க அடக்க விலையை ஏத்திக்கிறது) இல்லாம 12.5 சதவீதமான்னு எது குறைவோ அதைக் கட்டலாம். ஜித்தாவுல இருக்கிற அக்காவுக்கு அந்த சாய்ஸ் இல்ல, 12.5-தான். உங்க பங்குக்கு வாங்குறவர் பிடிக்கிறது 1 சதவீத டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழிக்கிற வரி). அக்கா பங்குக்கு அது போதாது, அந்த முழு வரி வீதத்துலயே பிடிக்கணும். குறைச்சுப் பிடிக்கச் சான்று வாங்க முன்கூட்டியே விண்ணப்பிச்சு வைங்க. பத்திரத்தன்னிக்கு இதுக்குத்தான் சண்டை வரும்.

வாடகையை உங்க வாப்பா வீட்டு வாடகை வருமானமாக் காட்டினாரா, தொழில் கணக்குல காட்டித் தேய்மானம் எடுத்தாரா? எடுத்திருந்தா கட்டடத்துக்குக் கணக்கு வேற.

மரைக்காயர்பட்டினத்தான்:
வீட்டு வாடகையாத்தான் காட்டியிருக்காங்க.

குத்தகைப் பத்திரம் 41 பக்கம், ராத்திரி உக்காந்து படிச்சேன். சிக்கன் கடை ஷரத்து இல்ல. ஆனா முதல்ல கேக்கணும்ங்கிறது 27-ம் பக்கத்துல இருக்கு! டெபாசிட் கொடுக்கல. கடைசி அஞ்சு மாச வாடகையும் கரண்ட் பில்லும் பாக்கின்னு வாப்பா பிடிச்சு வச்சுட்டாங்க. பின் காம்பவுண்டுல இருந்து கடல் 440 மீட்டர்னு மேப் காட்டுது. கட்டடம் ரோட்டு ஓரமா முன்னாடி இருக்கு.

பத்திர ஆபீஸ் வாசல்:
முடிச்சு அங்கதான் இருக்கு. டெபாசிட் வராம எந்தக் கம்பெனி வந்து கையெழுத்துப் போடும்? கணக்கைப் போட்டு, பாக்கியைக் கழிச்சு, மிச்சத்தைத் தர்றோம்னு நோட்டீஸ்லயே எழுதுங்க. ஒப்படைப்புப் பத்திரத்துல "வாங்குற முதல் உரிமையும் விட்டுக் கொடுத்தோம்"னு ஒரு வரி கட்டாயம் வரணும்.

இன்னொண்ணு. 2012 டிசம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல கிரய ஒப்பந்தமும் கட்டாயப் பதிவு. மதுரைப் பார்ட்டிக்கு 18 மாச ஒப்பந்தம் பதிஞ்சு கொடுத்து, அவர் பாதியில போயிட்டாருன்னா அதையும் ரத்துப் பண்ண அவர் வரணும். ஒரு பேயை விரட்ட இன்னொரு பேயைக் குடி வைக்காதீங்க.

லாத்தா பவர் கொடுக்கிறதா இருந்தா ஜித்தா இந்தியத் துணைத் தூதரகத்துல கையெழுத்துச் சான்று வாங்கி அனுப்பட்டும். இங்க வந்து சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத்தீர்வை கட்டணும், மறந்துடாதீங்க. வாப்பாவோட தாய் தகப்பன் முன்னாடியே மவுத்துன்னா, 24-ல உம்மாவுக்கு 3, உங்களுக்கு 14, லாத்தாவுக்கு 7.

கொத்தனார் மகன்:
பின்னாடி பனை நிக்குதா? 2021 வேளாண் பட்ஜெட்ல இருந்து கலெக்டர் அனுமதி இல்லாம வெட்ட முடியாது. அதையும் பார்ட்டிகிட்ட இப்பவே சொல்லிடுங்க.

மரைக்காயர்பட்டினத்தான்:
நாலு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க.

நோட்டீஸ் போன பதினேழாம் நாள் கம்பெனியில இருந்து போன். கணக்குல ரெண்டு நாள் இழுத்தாங்க, டெபாசிட்ல பாக்கி போக மிச்சத்தைப் பேங்க்ல அனுப்பினேன். போன வாரம் ஒருத்தர் தீர்மான நகலோட வந்து ஒப்படைப்புப் பத்திரம் பதிஞ்சாச்சு. முதல் உரிமை வரியும் இருக்கு. லாத்தாவுக்குப் பதிலா பவர்ல நான் கையெழுத்துப் போட்டேன். புது இசியில வந்துடுச்சு.

வரைபடம் வந்தது. அந்த 500 மீட்டர் கோடு எங்க இடத்துக்கு நடுவுல குறுக்க ஓடுது. பின்னால 21 சென்ட் உள்ள, ரோட்டோரம் 41 சென்ட் வெளிய. மதுரைப் பார்ட்டி வரைபடத்தைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசல. டீ ஆறிப்போச்சு. அப்புறம் முன் பக்கம் கட்டடம், பின் பக்கம் பனையோட வண்டி நிறுத்துற இடம்னு அவரே கோடு போட்டார். பின் பக்கத்துக்கு விலை குறைச்சுக் கேட்டார், கொஞ்சம் இறங்கினேன். 18 மாசம் போய் இப்ப மூணு மாசம், ரொக்கம் கிடையாது. அப்ரூவல் வரலைன்னா ரத்துச் செலவு அவருதுன்னு எழுதியிருக்கு. கம்பெனி பேர்ல இருந்த ஹைவேஸ் நுழைவு அனுமதியை அவரே புதுசா எடுக்குறாராம்.

சன்ஷேடு விசயம் கொத்தனார் மகன் சொன்னது அப்படியே. கையால தட்டினா கொட்டுது. இடிக்கிறவர் ஜன்னல் சட்டத்தை எடுத்துக்கிட்டார், குறுக்குக் கம்பியை மட்டும் வேணாம்னுட்டார். அதுல ஒன்பது வேன் பெயிண்ட் இருக்கு, எண்ணினேன்.

ஒரு வழிப்போக்கன்:
அதுல ஒண்ணு எங்க மாமா வேன்.