திறந்த சுற்று, மூடிய சுற்று: மாற்றுச் சொற்கள் பற்றி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி அறிவியலில் மின்சுற்றை அறிமுகப்படுத்தும் இடத்திலேயே ‘திறந்த மின்சுற்று’, ‘மூடிய மின்சுற்று’ என்னும் இரு சொற்களும் வந்துவிடுகின்றன. மூடிய சுற்றில் மின்னோட்டம் பாயும். திறந்த சுற்றில் பாயாது. ஆனால் மின்னோட்டத்தை விளக்க வகுப்பில் நாம் எடுத்துக்கொள்ளும் உவமையோ நீரோட்டம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும் என்பதை அன்றாடம் காணும் மாணவர், சாவியை, அதாவது சுற்றின் சுவிட்சை, திறந்தால் விளக்கு அணையும் என்பதை நெட்டுருப் போட்டுத்தான் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

கணிதத்தில் ‘மூடிய வளைவரை’ என்கிறோமே, முனைகள் ஒன்றுகூடியது என்ற அதே பொருளில்தானே இங்கும் வருகிறது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எனினும் வளைவரையில் எதுவும் பாய்வதில்லை. சுற்றைப் பற்றிய பேச்சு முழுவதும் பாய்வதைப் பற்றியது. பாய்கின்ற ஒன்றின் பக்கத்தில் ‘மூடிய’ என்று எழுதினால், தமிழில் அது தடுக்கப்பட்டது என்றே பொருள்படும்.

மாற்றாக எண்ணிப் பார்த்த சொற்களில் ‘முழுச்சுற்று’ ஒரு சக்கரம் ஒருமுறை சுழன்று முடிப்பதை நினைவூட்டுகிறது. ‘நிறைசுற்று’ கேட்க அழகாக இருந்தாலும், இயற்பியலில் ‘நிறை’ வேறோர் அளவுக்கு ஏற்கெனவே உரியதாகிவிட்டது. ‘தொடுசுற்று’ என்பதை நான் முற்றிலும் மறுப்பேன். மின்கம்பியைத் தொடாதே என்று சொல்லிக் கொடுக்கும் பாடத்தில் அச்சொல்லுக்கு இடமில்லை. திறந்த சுற்றை ‘மின்னற்ற சுற்று’ எனலாம் என்ற கருத்தும் பொருந்தாது. அணைத்து வைத்த சுவிட்சின் ஒரு முனையில் 230 வோல்ட் அழுத்தம் அப்படியே நிற்கிறது. இல்லாதது மின்னோட்டம் மட்டுமே.

ஆகவே ‘சேர்சுற்று’, ‘பிரிசுற்று’ என்னும் இணையை முன்வைக்கிறேன். ‘சேர்த்து எழுதுக’, ‘பிரித்து எழுதுக’ என்று தொடக்க வகுப்பிலிருந்தே பழகிய வினைகள் இவை. எது எதற்கு எதிர் என்று எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வினைத்தொகையாக இருப்பதால் தாமே சேர்ந்தது, நாம் சேர்த்தது என்ற வேறுபாடும் குறுக்கே வராது: சாவியை எடுத்ததால் பிரிந்தாலும், மின் உருகி உருகியதால் பிரிந்தாலும், அது பிரிசுற்றுதான்.

ஒரு கலைச்சொல் அடுத்த வகுப்புகளிலும் தாங்குகிறதா என்று பார்ப்பது முக்கியம். மின்னியக்கு விசையை, அதாவது மின்னோட்டம் பாயாதபோது மின்கலத்தின் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தத்தை, விளக்கும் இடத்தில் இதைச் சோதித்தேன். 1.5 வோல்ட் மின்னியக்கு விசையும் 0.5 ஓம் அகமின்தடையும் (மின்கலத்துக்குள்ளேயே இருக்கும் மின்தடை) கொண்ட ஒரு மின்கலத்தின் முனைகளில் நல்லதொரு வோல்ட்மீட்டரை வைத்தால், பிரிசுற்றில் ஏறத்தாழ 1.5 வோல்ட் காட்டும். அதனுடன் 2.5 ஓம் மின்தடையை இணைத்துச் சேர்சுற்றாக்கினால் 0.5 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்து, அகமின்தடையில் 0.25 வோல்ட் இறங்கிவிடுவதால், முனைகளுக்கிடையே 1.25 வோல்ட்டே கிடைக்கும். ‘பிரிசுற்று மின்னழுத்தம்’ என்று பெயரடையாகவும் அச்சொல் இடறாமல் நிற்கிறது. குறுக்குச்சுற்றையும் சேர்சுற்றின் ஒரு வகை என்று, அதாவது மின்தடை மிகக் குறைந்து மின்னோட்டம் எல்லை மீறிய சேர்சுற்று என்று, தடையின்றிச் சொல்லிவிடலாம். (நாளிதழ்கள் இதையும் ‘மின்கசிவு’ என்றே எழுதுகின்றன; கசிவு வேறு, இது வேறு. அதைத் தனி இழையில் பேசுவோம்.)

வினைச்சொல் ஒன்று எஞ்சுகிறது. செய்முறைக் குறிப்புகளில் வரும் ‘சாவியை மூடவும்’ என்பதற்கு ஒரே மாற்றுச் சொல் வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆய்வகத்தில் இரு பித்தளைக் கட்டைகளுக்கு இடையிலுள்ள துளையில் முளையை இறுக்கும் சாவிக்குச் ‘செருகவும்’ என்றும், விரலால் அமுக்கும் சாவிக்கு ‘அழுத்தவும்’ என்றும் எழுதினாலே மாணவரின் கை தானாக அங்கே போகும். வீட்டுச் சுவிட்சுக்குப் ‘போடு’, ‘அணை’ என்பவை வழக்கில் உள்ளன. இலங்கை வழக்கில் அதை ஆளி என்று எழுதினாலும் இதே வினைகள் பொருந்தும் என நினைக்கிறேன். அங்குள்ள ஆசிரியர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால், இரு நாட்டுப் பாடங்களுக்கும் பொதுவாகவே இவ்விணையை முடிவு செய்துவிடலாம்.