பகலில் வீடியோ எடிட்டிங், இரவில் கேம்: இந்தப் பாகங்கள் பொருந்துமா?

கேள்வி:
வணக்கம். பகலில் டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோவில் எடிட்டிங், இரவில் 2560×1440 திரையில் கேம் என இரண்டுக்கும் ஒரே கணினியைப் பயன்படுத்த எண்ணி, முதன்முறையாக நானே பாகங்களை வாங்கிப் பொருத்தவிருக்கிறேன். ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் கார்டு, 8 ஜிபி வீதம் நான்கு டிடிஆர்5 ரேம்கள், 2 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 1000 வாட் பவர் சப்ளை ஆகியவற்றைக் குறித்து வைத்திருக்கிறேன். 1000 வாட் வீண் என்கிறார் நண்பர். எவற்றை மாற்ற வேண்டும்?

பதில் 1:
முதலில் ரேமை மாற்றுங்கள். இந்தப் பிராசஸர் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட் மதர்போர்டில் நான்கு ரேம்களைச் செருகினால் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். ஆகவே 32 ஜிபி வீதம் இரண்டாக, 6000 வேகத்தில் வாங்குங்கள். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் உள்ள இடம்) எக்ஸ்போவை, அதாவது ரேமை அறிவித்த வேகத்தில் ஓடவிடும் அமைப்பை, இயக்க மறந்தால் அந்த ரேம் 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே கிடக்கும். மாதக்கணக்கில் அப்படியே ஓட்டியவர்களில் நானும் ஒருவன்.

7800எக்ஸ்3டியின் பலம் அதன் 96 எம்பி எல்3 கேஷ், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம். கேம்களுக்கு அது பெரிதும் உதவும், எடிட்டிங்குக்கு அந்த அளவுக்கு உதவாது. ஆனால் 8 கோர் போதுமா, 12 வேண்டுமா என்று பார்ப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லுங்கள்: உங்கள் கேமரா எந்த வடிவில் பதிவு செய்கிறது?

கேட்டவர்:
எச்.265, 10 பிட், 4:2:2. இப்போதுள்ள கணினியில் ஆர்டிஎக்ஸ் 3060 இருந்தும் டைம்லைன் திக்கித் திக்கித்தான் ஓடுகிறது.

பதில் 2:
சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகளில், சுருக்கிய வீடியோவைப் பிரித்துக் காட்டும் டிகோடர் 4:2:0 வீடியோவை எளிதாகப் பிரித்துவிடும், ஆனால் நிற விவரம் அதைவிடக் கூடுதலாக உள்ள 4:2:2 அதற்குப் புரியாது. எனவே அந்தச் சுமை முழுவதும் பிராசஸரின் தலையில் விழுகிறது. 3060க்குப் பதில் 4070 சூப்பர் வந்தாலும் கேம் வேகமாக ஓடுமே தவிர, டைம்லைன் அப்படியேதான் திக்கும்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. இன்டெல் கோர் ஐ7-14700 போன்ற பிராசஸரின் உள் கிராஃபிக்ஸில் இருக்கும் குவிக் சிங்க் என்ற டிகோடர் 4:2:2ஐ வன்பொருளிலேயே பிரிக்கும். ஆனால் பெயரின் இறுதியில் ‘எஃப்’ உள்ள மாடல்களில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். அந்தத் தலைமுறையில் மின்னழுத்தச் சிக்கல் இருந்ததால், ஆகஸ்ட் 2024க்குப் பின் வந்த மைக்ரோகோடு (பிராசஸரின் உள் இயக்கத்தைத் திருத்தும் நிரல்) அடங்கிய பயாஸை ஏற்றுவதும் கட்டாயம். இல்லையென்றால் 7800எக்ஸ்3டியை வைத்துக்கொண்டு, 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு மாறலாம். அதன் டிகோடர் 4:2:2ஐக் கையாளும். நானாக இருந்தால் 5070ஐ எடுப்பேன், ஏனெனில் உங்கள் பட்டியலில் ஒரே ஒரு பொருள்தான் மாறுகிறது, ஏஎம்5 சாக்கெட்டில் பிற்பாடு வேறு பிராசஸருக்கு மாறும் வாய்ப்பும் இருக்கிறது.

பதில் 3:
பவர் சப்ளையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 5070க்கு 250 வாட், பிராசஸருக்கு 120 வாட் டிடிபி (வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் அளவு). மற்றவற்றையும் கார்டு நொடிப்பொழுதில் கூடுதலாக இழுக்கும் மின்சாரத்தையும் சேர்த்தாலும் நல்ல 750 வாட் தாராளம். ‘80 பிளஸ் கோல்டு’ என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்லும். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தை அது சொல்லாது, ஆகவே பிரித்துச் சோதித்த விமர்சனங்களைப் படித்து வாங்குங்கள். பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் ஒருபோதும் செருகாதீர்கள். பவர் சப்ளையில் செருகும் முனையில் கம்பி வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், டிரைவ்கள் கருகிவிடலாம்.

முதல்முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். ஏஎம்5 போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது; பதறி அணைத்துவிடாதீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பட்டியலில் ரேமையும் பவர் சப்ளையையும் மாற்றிவிட்டேன். கார்டை வாங்குவதற்கு முன், பழைய கணினியிலேயே ஒரு கிளிப்பை 4:2:0வாக மாற்றி ஓட்டிப் பார்த்தேன். ஒரு திக்கல்கூட இல்லை. 5070ஐயே வாங்குகிறேன்.