மன்னார்ப் பேச்சில் ஒரே ஒரு வரி வேண்டும்

நாற்பது நிமிட மேடை நாடகம் ஒன்று எழுதுகிறேன். கடைசிக் காட்சியில் மாட்டிக்கொண்டு மூன்று வாரமாகிறது.

கதை நடப்பது கடலூர் ஓ.டி.யில் (முதுநகரில்), 1990-91இல். இலங்கையின் தலைமன்னாரிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் அகதி முகாம் வழியாக இந்தப் பக்கம் அனுப்பப்பட்ட 15 வயதுப் பையன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகு இன்ஜின் பட்டறையில் சேர்கிறான். மேஸ்திரி தொழிலில் கெட்டி. சத்தத்தை வைத்தே எந்த நாசில் (டீசல் பீய்ச்சும் முனை) அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் குடி. பையனின் ஆறு மாதக் கூலியை "பத்திரமா வச்சிருக்கேன்டா" என்று வாங்கி, தீர்த்துவிடுகிறார்.

பையன் அதைக் கேட்க வேண்டும். முதலில் நம்மூர்த் தமிழில் எழுதினேன். ஒத்திகையில் அவன் முதுநகர்க்காரனாகவே ஆகிவிட்டான். அப்புறம் யாழ்ப்பாண நண்பர் ஒருவர் "என்ர காசை எடுத்தனீங்களோ?" என்று திருத்தினார். மன்னாரில் பிறந்த அக்கா ஒருவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்: "இது யாழ்ப்பாணத்துப் பொடியன்." சிறு வயதிலேயே வந்துவிட்டதால் அவருக்கும் சரியான வரி நினைவில் இல்லை. வசனமே இல்லாமலும் பார்த்தோம். ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டுப் போகிறான். கைதட்டல் வரும், ஆனால் எனக்கு அது நழுவல்தான்.

அந்த வருடங்களில் மன்னார்ப் பக்கமிருந்து வந்தவர்களே, மரியாதை விடாமல், கோபமும் தெரிய, இந்த ஒரு வரியை உங்கள் ஊர்ப் பேச்சில் எப்படிக் கேட்பீர்கள்?