மூச்சைக் கவனித்தால் படபடப்பு கூடுவது ஏன்?

கேள்வி: மதச் சடங்கு கலக்காத மூச்சுத் தியானம், தினமும் 20 நிமிடம். உட்கார்ந்தாலே மூச்சு முட்டுகிறது. அலுவலகத்தில் வரும் கோபமும் குறையவில்லை. எங்கே பிசகு?

பதில் 1: மூச்சைக் கவனிக்காமல் இழுத்து நடத்துகிறீர்கள் போலிருக்கிறது, முட்டுவது பெரும்பாலும் அதனால்தான். நாசி நுனியை விட்டுவிட்டு அடிவயிறு எழுந்து தாழ்வதைப் பாருங்கள். வெளிமூச்சுக்கு ஓர் எண். 1 முதல் 10 வரை, பிறகு மறுபடி 1. எண் தவறினால் நொந்துகொள்ளாமல் 1-க்கே திரும்புங்கள். அந்தத் திரும்புதல்தான் பயிற்சியே! முதலில் 10 நிமிடம் போதும். அப்படியும் படபடத்தால் கண்ணைத் திறந்து, கவனத்தை உள்ளங்காலுக்கோ வெளிச் சத்தத்துக்கோ மாற்றுங்கள்.

பதில் 2: மன அழுத்தம் குறைக்க, ஜான் கபாட்-ஜின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய 8 வாரத் தியானப் பயிற்சியில் மூச்சு மட்டுமில்லை. படுத்தபடி கால்விரலிலிருந்து தலைவரை உடலைக் கவனிப்பதும், மென்மையான யோகாசனமும் உண்டு. உங்களுக்கு அதுவே பொருந்தும் என்பேன். சாப்பிட்டவுடன் வேண்டாம், தூக்கம் தள்ளும்.

பதில் 3: கோபமே வராமல் தியானம் தடுக்காது. தாடை இறுகுவதும் நெஞ்சு சூடாவதும் சற்று முன்னதாகத் தெரியவரும். அப்போது மூன்று மூச்சு விட்டுவிட்டு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுங்கள். பழைய அதிர்ச்சிகள் மேலெழுந்து வாட்டினால், நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.