கண்ணாடியில் தங்கிய முகம்

பழைய குடும்பப் படங்களைக் காப்பாற்றப் போய்ச் செய்த தவறுகளைப் பற்றி மூன்று ஊர்க்காரர்கள் எழுதியவை.

காங்கயத்திலிருந்து:
பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காகச் சுவரிலிருந்த படங்களை இறக்கினோம். அப்பாரு (தாத்தா) கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் தம் காளையின் கயிற்றைப் பிடித்து நிற்கும் கறுப்புவெள்ளைப் படம், சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்கேன் செய்து உறவினர் அனைவருக்கும் அனுப்பலாம் என்ற ஆசையில் மெல்ல உரித்தேன். காளையின் கொம்பும் திமிலும் சிதையாமல் தாளோடு வந்தன. அப்பாருவின் முகம் மட்டும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அவருக்கு வேறு படம் கிடையாது.

கோபியிலிருந்து:
என்னுடையது சேதமல்ல, ஆனாலும் உறுத்துகிறது. அம்மாயியின் (அம்மாவின் அம்மா) பழைய படத்திற்குக் கைப்பேசிச் செயலி ஒன்றில் வண்ணமூட்டி, அவரிடமே பெருமையாகக் காட்டினேன். அப்புச்சி (அம்மாயியின் கணவர்) இறந்த பிறகு வெள்ளைச் சேலை மட்டுமே உடுத்தியவரை, அந்தச் செயலி அரக்குச் சேலையில் நிறுத்தியிருந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு, “இந்தச் சீல எனக்கேது கண்ணு?” என்று கேட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் பரவிவிட்டது. பேரப்பிள்ளைகள் சிலர் இன்றும் அதையே முகப்புப் படமாக வைத்திருக்கிறார்கள்.

தாராபுரத்திலிருந்து:
காங்கயத்து நண்பர் அவசரப்பட்டுவிட்டார் என்றே சொல்வேன். பழைய படங்களின் மேற்பரப்பில் இருப்பது ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகி, கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். அப்படிப்பட்ட படத்தை உரிக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே, எதிரொளி விழாதபடி பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்திருக்க வேண்டும். தனியாக இருக்கும் படங்களை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்யலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். இணையக் கணக்கில் ஏற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது: 2 ஆண்டுகள் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. ஆகவே வெவ்வேறு வீடுகளில் இரண்டு வன்தட்டுகளிலாவது பிரதி இருக்கட்டும். கோபிக்காரர் வண்ணமூட்டிய படத்தின் மீதே ‘நிறம் கற்பனை’ என்று எழுதிவிடலாம். கறுப்புவெள்ளைப் படத்தில் நிறத்தைப் பற்றிய தகவலே இல்லாததால் எந்தச் செயலியும் ஊகிக்கத்தான் செய்யும்.

இவ்வளவு சொல்லும் நானும் ஒரு தவறு செய்தவன்தான். வீட்டுப் படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து முடித்த தைரியத்தில், மூலப் படங்களைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டேன். அவற்றின் பின்புறத்தில் ஆத்தா யார் யார் என்று பென்சிலால் எழுதி வைத்திருந்ததாக அத்தை சொன்னது அதற்கு அடுத்த வாரம். நான் ஸ்கேன் செய்தது முன்பக்கத்தை மட்டுமே.

காங்கயத்திலிருந்து மீண்டும்:
தாராபுரத்து நண்பருக்கு: உரித்த பிறகு வரும் அறிவுரை எனக்கு எதற்கு? ஆயினும் தாங்கள் சொன்ன பக்கவாட்டு வெளிச்சம் ஒரு வகையில் பயன்பட்டது. அந்தக் கண்ணாடியைத் துடைக்காமல் துண்டில் சுற்றிப் பீரோவில் வைத்திருந்தேன். நேற்று மாலை திண்ணையில் வைத்து, பின்னால் வெள்ளைத்தாளைச் செருகிப் பார்த்தபோது மீசையும் ஒரு கண்ணும் தெளிவாகவே தெரிந்தன. என் மகள் அப்படியே படமெடுத்திருக்கிறாள். காளை இருக்கும் தாளோடு அதைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.