மாற்றுச் சிறுநீரகத்தோடு குழந்தை பெற்றவர்கள் இருக்கிறீர்களா?

தேன்மொழி:
அம்மா கொடுத்த சிறுநீரகம் எனக்குப் பொருந்தி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கிரியாட்டினின் (சிறுநீரகம் சோர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 1.1. உடல் சிறுநீரகத்தை நிராகரிக்காமலிருக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறேன். குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை. "நான் கொடுத்ததைப் பாழாக்கிவிடாதே" என்கிறார் அம்மா. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கயல்:
நான் பெற்றவள். மகன் பள்ளிக்குப் போகிறான். நாள் பார்ப்பதற்கு முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள், தேன்மொழி. மைக்கோஃபினோலேட் கருவைக் கலைக்கலாம். குழந்தைக்குக் காது, உதடு சரியாக உருவாகாமலும் போகலாம். கருத்தரிப்பதற்குக் குறைந்தது 6 வாரம் முன்பே அதை விட்டிருக்க வேண்டும். எனக்கு அசாதியோபிரினுக்கு மாற்றி, கிரியாட்டினின் ஏறாமல் நிற்கிறதா என்று சில மாதங்கள் பார்த்த பிறகே சம்மதித்தார்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். உடல் சிறுநீரகத்தை நிராகரித்துவிடும்.

வாந்தி எல்லாருக்கும் வருவது. என்னைப் படுத்தி எடுத்தது ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவுதான். காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். அளவு இறங்க இறங்க மாத்திரை ஏறும். ஸ்கேனில் அடிவயிற்றின் வலப்பக்கம் பொருத்திய சிறுநீரகம், அதை ஒட்டி இவன் குதிகால். (உதைத்தால் ஒன்றும் ஆகாதாம், கேட்டுவிட்டேன்.) கடைசியில் ரத்த அழுத்தம் எகிறியது. 35ஆம் வாரம் சிசேரியன், 2.2 கிலோ.

இளவேனில்:
அம்மாவின் பயம் வீணல்ல. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கர்ப்பகால ரத்த அழுத்தம் ஆபத்தான நிலைக்குப் போகிறது. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் குறைப்பிரசவம். ஆனால் கிரியாட்டினின் 1.5க்குக் கீழே, சிறுநீரில் புரதம் ஒழுகாமல், கடந்த ஓராண்டில் நிராகரிப்பு எதுவும் இல்லாமல் இருந்தால், கர்ப்பத்தால் மட்டும் சிறுநீரகம் கெடுவது அரிது. அமெரிக்கப் பெண் எடித் ஹெல்ம் 1956இல் இரட்டைச் சகோதரியிடம் சிறுநீரகம் பெற்று, 1958இல் பிள்ளை பெற்றார். 2011 வரை வாழ்ந்தார். இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

தேன்மொழி:
நன்றி. கயல் அக்கா, ரத்த அழுத்தத்துக்கு லோசார்டனும் சாப்பிடுகிறேன். பிறகு தாய்ப்பால் கொடுக்கலாமா?

கயல்:
லோசார்டன் கர்ப்பத்தில் கூடவே கூடாது, குழந்தையின் சிறுநீரகத்தையே கெடுக்கும். அதையும் இப்போதே கேட்டு மாற்றுங்கள். தாய்ப்பால் நான் கொடுத்தேன். டாக்ரோலிமஸ் பாலில் சொற்பமாகத்தான் கலக்கிறது என்று மருத்துவர் சொல்லியும், பக்கத்துப் படுக்கைக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை! பிரசவத்துக்குப் பின் மைக்கோஃபினோலேட்டுக்குத் திரும்பச் சொன்னால் மட்டும் பாலூட்டுவதைப் பற்றி மறுபடி கேளுங்கள். மருந்து மாறி முடியும்வரை கருத்தடையை விடாதீர்கள்.