ஒன்பதாவதுக்கு எந்த ஸ்கூல்ல சேர்க்கலாம்? பொண்ணு நல்லா வரையுறா

திருச்சி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எம் பொண்ணு எட்டாவது படிக்கிறா, ஸ்டேட் போர்டு, இந்த ஸ்கூல் எட்டோட முடியுது. வரையறதுன்னா அவளுக்கு உசுரு. மேத்ஸ் நோட்டு கடைசி பக்கத்துல காந்தி மார்க்கெட்டுல மூட்டை தூக்குறவரோட கைய போட்டிருக்கா, பொடச்சிக்கிட்டு நிக்கிற நரம்பு கூட விடல. மார்க்கு பரவால்ல, மேத்ஸ்னா மட்டும் பயம். ரெண்டு பிரைவேட் ஸ்கூல் பார்த்து வச்சிருக்கோம், ஒண்ணுல ஒன்பதாவதுலருந்தே ஜேஇஇ நீட் கோச்சிங், சாயங்காலம் ஆறரை வரைக்கும் கிளாஸ். இன்னொண்ணு சின்ன ஸ்கூல், சிபிஎஸ்இ, டிராயிங்குக்கு தனி மிஸ் இருக்காங்கன்னாங்க. அவங்கப்பா மொத ஸ்கூல்தான்னு நிக்கிறாரு, வரையறத வீட்ல வரையட்டும்ங்கிறாரு. ஆறரைக்கு மேல வீட்டுக்கு வந்து ஹோம்வொர்க்கும் முடிச்சு எப்பங்க வரையும் புள்ள?

டிராயிங் மாஸ்டர்:
சகோதரி, நான் பிரைவேட் ஸ்கூல்லதான் பதினாறு வருஷமா டிராயிங் எடுக்குறேன். ஆபீஸ் ரூம்ல மாட்டியிருக்கிற படத்த பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஒன்பதாவது, பத்தாவது டைம்டேபிள கேளுங்க, வாரத்துக்கு எத்தன பீரியட்னு பாருங்க. டைம்டேபிள்ல இருந்தாலும் பத்தாவதுக்கு டிசம்பர் தாண்டினா எங்க பீரியட மேத்ஸுக்கு வாங்கிடுவாங்க, அதனால அங்க படிக்கிற புள்ளைங்க கிட்டயும் விசாரிங்க. அப்புறம் டிராயிங் ரூம தொறந்து காட்ட சொல்லுங்க. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு ஸ்கூல்ல வாட்டர் கலர் பாக்ஸெல்லாம் கவர் பிரிக்காம பீரோல கெடந்துச்சு, டப்பா உள்ள கலரெல்லாம் காஞ்சு வெடிச்சு போச்சு. மனசு ஆறல எனக்கு.
சிபிஎஸ்இல பதினொண்ணு பன்னெண்டுல பெயிண்டிங்க ஒரு பாடமாவே எடுக்கலாம், ஆனா எல்லா ஸ்கூல்லயும் அது கிடையாது, இங்க இருக்கான்னு கேட்டுக்குங்க. ஸ்டேட் போர்டுலயே இருந்தாலும் அரசு தொழில்நுட்பத் தேர்வுல ஃப்ரீஹேண்ட் டிராயிங் (ஸ்கேல் இல்லாம கையால வரையறது) லோயர், ஹையர்னு தனியா எழுதலாம்.

கும்பகோணம் அப்பா:
மேத்ஸ் பயத்த மட்டும் அப்படியே விட்றாதீங்கம்மா. நாளைக்கு ஆர்க்கிடெக்சர் ஆசைப்பட்டா பிளஸ் டூல மேத்ஸ் வேணும், நாட்டா மாதிரி ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வும் எழுதணும். அரசு கவின்கலைக் கல்லூரில பிஎஃப்ஏன்னா (ஓவியம், சிற்பம் மாதிரி கலை படிக்கிற டிகிரி) எந்த குரூப்பா இருந்தாலும் சரி, சென்னை எழும்பூர்ல இருக்கு, 1850ல ஆரம்பிச்சது, எங்க கும்பகோணத்துலயும் ஒண்ணு இருக்கு. டிசைன் படிக்கிற என்ஐடி (நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன், உங்க திருச்சி என்ஐடி இல்ல) என்ட்ரன்ஸுக்கும் குரூப் பிரச்சனை இல்ல.
எம் பையன கோச்சிங் ஸ்கூல்ல போட்டு ஒன்றரை வருஷத்துல திரும்ப கூட்டிட்டு வந்தோம். மார்க்கு கொறையல, ஆனா பென்சிலயே தொடாம போயிட்டான், மறுபடி ஒரு கோடு போடவே ஆறு மாசம் ஆச்சு. அத உங்க வீட்டுக்காரர் கிட்ட சொல்லுங்க.
ஃபீஸ் விஷயம், 2009 சட்டப்படி ஸ்டேட் போர்டோ சிபிஎஸ்இயோ, பிரைவேட் ஸ்கூலுக்கெல்லாம் அரசு அமைச்ச கமிட்டிதான் கட்டணம் நிர்ணயம் பண்ணுது, அந்த ஆர்டர பார்த்துட்டு பணம் கட்டுங்க.

திருச்சி அம்மா:
ரொம்ப நன்றிங்க. உங்க பையன் கதைய அவர் கிட்ட படிச்சு காமிச்சேன், ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு அந்த நோட்ட எடுத்துட்டு வான்னாரு. வியாழக்கிழமை மூணு பேரும் சின்ன ஸ்கூலுக்கு போறோம், டிராயிங் ரூம பார்த்துட்டு வந்து எழுதுறேன்.